குகதாசன் நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மயூரதன் நெல்லியடி அச்சுக்கடையில் ஒரு மரண அறிவித்தலைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தான். ஞாயிறென்றால் கடை பூட்டு. ஆனால் கடைக்காரி அற்புதராணி மரண அறிவித்தலுக்கு லீவு கொடுப்பதில்லை. கல்யாணக் காட் ஒரு கிழமை பொறுக்கும், செத்தவர் பொறுக்கமாட்டார் என்பார்.

விபரம் கனடாவிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு முன் வட்ஸ்அப்பில் வந்திருந்தது. இறந்தவரின் மகன் கடதாசியில் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பின்னேரம் மூன்று மணிக்குள் ஊரில் ஒட்டி, ஒட்டிய சுவர்களின் படத்தைத் தனக்கு அனுப்பவேண்டும் என்று அடியில் ஒரு வரி.

மயூரதனுக்கு முப்பத்தொரு வயது. இந்தக் கடையில் பதினொரு வருடம். அறிவித்தல் எழுதுவதில் அவன் பிழை விட்டதில்லை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், பிறகு சகோதரரின் பிள்ளைகளான பெறாமக்கள். இந்த ஒழுங்கில் ஒரு பெயர் இடம் மாறினால் ஒரு குடும்பம் பத்து வருடம் கதைக்காமல் இருக்கும் என்பதை அவன் கண்டிருக்கிறான். ஆகையால் ஒவ்வொரு பெயரையும் தட்டியபின் விரலை எடுத்து, கடதாசியைப் பார்த்து, திரையைப் பார்த்து, பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவான்.

இறந்தவர் பெயர் குணரத்தினம். பிறந்த இடம் மயூரதனின் ஊர், வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே கடலோடு ஒட்டிய ஊர். முகம் நினைவில்லை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு போனான். 'சீவரத்தினத்தின் அன்புச் சகோதரனும்' என்று வந்தபோது விரல் மெதுவாகியது. அடுத்த வரி, 'குகதாசனின் அன்புப் பெரியப்பாவும் ஆவார்.'

விரல் நின்றுவிட்டது.

குகதாசன் அவர்களுடைய ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பாக், கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுபவன். வடமராட்சியில் அவனைத் தாண்டிப் பந்து கொண்டுபோனவர்களை விரல்விட்டு எண்ணலாம். இருபத்துநாலு வயது. பந்துக்கு விழுந்து வழுக்கிக்கொண்டு போய், காலைத் தொடாமல் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்புவான். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவர் அவன் பெயரை மூன்று தரம் சொல்வார். அந்த இடத்துக்கு மேலதிக ஆட்டக்காரன் மயூரதன். ஒன்பது வருடமாகக் கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறான். முதல் ஐந்து வருடம் இன்னொருவனுக்குப் பின்னால், பிறகு குகதாசனுக்குப் பின்னால். வாங்கு மயூரதன் என்றால்தான் ஊரில் தெரியும். இறுதியாட்டம் ஒன்றில் அவன் கால் பட்டதில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு இறுதியாட்டம். அம்மன் கோயில் மேற்கு வீதி மணல்வெளியில், கரவெட்டி அணியோடு.

ஆட்டம் வேறெங்காவது என்றால் கதை வேறு. மேற்கு வீதி கோயில் நிலம். தொடங்க முன்னர் இரண்டு அணியும் கோபுர வாசலில் கற்பூரம் கொளுத்தித் திருநீறு பூசித்தான் இறங்கும். செத்தவீட்டுத் தீட்டான துடக்கு உள்ளவன் முப்பத்தொரு நாள் அந்த வீதியை மிதிக்கமாட்டான். அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய தேவையும் வந்ததில்லை.

குகதாசன் வீட்டுக்குச் செய்தி போயிருக்காது என்பது மயூரதனுக்குத் தெரியும். குணரத்தினமும் குகதாசனின் அப்பா சீவரத்தினமும் தங்கள் தகப்பன் வளவின் எல்லைவேலியில் பிரிந்தவர்கள். பதினேழு வருடம் கதைபேச்சு இல்லை. கனடாவிலிருந்து ஒரு ரெலிபோன் கோல் வராது. ஆனால் அறிவித்தலில் பெயர் வரும். கோபம் எவ்வளவு இருந்தாலும் அதில் பெயரை வெட்டுகிற வழக்கம் ஊரில் இல்லை.

"என்ன தம்பி, கொம்பியூட்டர் நிண்டிட்டுதோ?" என்று அற்புதராணி கேட்டார்.

"இல்லையக்கா." அவன் திரையைக் காட்டினான்.

அவர் கண்ணாடியை இறக்கி வாசித்தார். ஊர்க்காரி அல்ல, பந்தும் தெரியாது. ஆனால் குகதாசனின் பெயரை அவன் வாயால் கேட்டுப் பழகியவர், வாசித்து முடித்ததும் அவனைத்தான் பார்த்தார். "அப்ப இண்டைக்கு நீயோ விளையாடுறது?"

"அதுதான் பிரச்சினை."

"நோட்டீஸ் மூண்டு மணிக்கு ஒட்டவேணும். அதுக்கு மேலை உன்ரை பிரச்சினை, உன்ரை பந்து."

அவன் வெளியே போய்ப் பரமலிங்கம் மாஸ்டருக்கு ரெலிபோன் எடுத்தான். அவர்தான் கழகத்தின் பயிற்சியாளர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தியைச் சொன்னான். 

"ஆருக்குச் சொன்னனீ?"

"உங்களுக்குத்தான்."

"நல்லது. ஆறு மணிக்கு ஒட்டு. சாயரட்சைப் பூசைக்கு முதல் ஆட்டம் முடிஞ்சிடும். காதிலை விழாத துடக்கு துடக்கில்லை, ஐயரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவர்."

"மூண்டு மணிக்கு ஒட்டச் சொல்லியிருக்கினம் மாஸ்டர்."

"மெசின் பழுது எண்டு சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "மயூரதன், கோபிக்காதை, கேக்கிறன். உனக்கு விளையாட ஆசையோ?"

மயூரதனுக்கு ஆசை இருந்தது. குகதாசனின் பெயரைத் தட்டிய அந்தக் கணத்திலேயே, துக்கத்துக்கு முன்னரே, அது எழும்பியிருந்தது. அதை மறைத்து இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"யோசி," என்றார் மாஸ்டர். "நீ போய்ச் சொன்னால், விளையாடத்தான் சொன்னவன் எண்டு ஊர் சொல்லும். தோத்தால் பேந்து உனக்கு இந்த ஊரிலை தேத்தண்ணி குடிக்க ஏலாது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கடைக்குத் திரும்பி வந்து அறிவித்தலை முடித்தான். நாற்பது பிரதி. மெசின் ஓடும்போது ஊரிலிருந்த நல்லம்மாவை நினைத்தான். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அது. நல்லம்மாவின் தங்கை கொழும்பில் இறந்துபோக, அறிவித்தலைச் சந்திச் சுவரில் முதலில் ஒட்டிவிட்டு, வீட்டுக்குப் பிறகு போகலாம் என்று நினைத்தான். பசை காயவில்லை. நல்லம்மா சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு வந்து சுவரைப் பார்த்தார். தங்கையின் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். வாசித்த பிறகு, பையை நிலத்தில் வைக்காமலே, நடு ரோட்டில் குந்தி இருந்துவிட்டார். அந்தச் சிரிப்பை மயூரதனால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று உறுதியாகும்வரை அவன் எந்தச் சுவரிலும் ஒட்டியதில்லை. அற்புதராணி கேட்டும் இல்லை, பணம் கொடுத்தவர் கேட்டும் இல்லை.

சீவரத்தினம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கோபுர வாசலில் கற்பூரம் கொளுத்துபவர். இன்றும் அவர்தான் கொளுத்துவார். ஆறு மணிக்குச் சந்தியில் தமையனின் படத்தைப் பார்ப்பார். எப்போது அடித்தது என்று கேட்கமாட்டார். காலையிலேயே தெரிந்தும் மறைத்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்.

பிரதிகளைச் சுற்றிக் கட்டி, பசை வாளியை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு மயூரதன் ஊருக்கு வெளிக்கிட்டான்.

குகதாசன் முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்து சப்பாத்து துடைத்துக்கொண்டிருந்தான். சீவரத்தினம் யன்னலோரமாகப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மயூரதனைக் கண்டதும் குகதாசன் சிரித்தான்.

"என்னண்ணை, நேரத்தோடை வெளிக்கிட்டிட்டியள். வாங்கு பிடிக்கவோ?"

பிறகு வாளியைக் கண்டான். சிரிப்பு நின்றது. மயூரதன் அந்த வாளியோடு ஒரு வீட்டு வாசல் படலையைத் திறந்தால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"மாமா," என்று மயூரதன் சீவரத்தினத்திடம் சொன்னான். "கனடாவிலை குணரத்தினம் மாமா காலமாயிட்டார். எங்கடை நேரம் விடிய. நான்தான் நோட்டீஸ் அடிச்சனான். ஒட்ட முதல் சொல்ல வந்தனான்."

சீவரத்தினம் பேப்பரை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். 

"அதிலை என்ரை பேர் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா."

ஒரு பிரதியை உருவி நீட்டினான். அவர் கையை நீட்டி அதை எட்டப் பிடித்து வாசித்தார். தன் பெயர் இருந்த வரியில் பெருவிரலை வைத்தார். அடுத்த வரியைப் பார்த்துவிட்டு, "குகன்ரை பேரும் போட்டிருக்கிறாங்கள். அண்ணருக்கு இவன்ரை பேர் தெரிஞ்சிருக்கு," என்றார்.  துவாயை எடுத்துக்கொண்டு துடக்குக்கு முழுகக் கிணற்றடிக்குப் போனார். கப்பி சத்தம் கேட்டது.

குகதாசன் எழும்பினான்.

"ஆறு மணிக்கு வந்து சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"அந்தாளை நான் கண்டதே இல்லை. ரெலிபோனிலை கூட ஒரு சொல்லுக் கதைச்சதில்லை." குரல் தாழ்ந்துதான் இருந்தது. "ஒன்பது வருசம் பாத்துக்கொண்டிருந்து இடத்தைப் பிடிச்சிட்டியள் அண்ணை. நல்லாப் பிடிச்சிட்டியள்."

"குகன், அதுக்காக இல்லை."

"அப்ப ஆசை இல்லையோ?"

மயூரதன் வாளியைத் தூக்கினான். "ஆசையும் இருக்கு," என்றான்.

குகதாசன் துடைத்த சப்பாத்தைச் சுவரோரம் வைத்தான். "போங்கோ. கரவெட்டி யதுசன் உங்களை உரிச்சுக் காயப்போடுவான். நான் ரோட்டிலை நிண்டு பாக்கிறன்."

இரண்டரைக்குள் ஒட்டி முடித்தான். சந்திச் சுவர், நூலகத்து மதில், மீன்சந்தைத் தூண், பஸ் நிலையம். படங்களைக் கனடாவுக்கு அனுப்பினான். ஆட்டம் பார்க்க வந்த சனம் முழுவதும் அந்தச் சந்தியால்தான் வரவேண்டும். அவன் மைதானத்துக்குப் போனபோது அவனுக்கு முன் கதை போயிருந்தது.

"தானே அடிச்சு, தானே ஒட்டி, தானே விளையாட வந்திட்டார்," என்று ஒருவர் சொல்ல, வேலியோரம் முழுவதும் சிரித்தது.

கரவெட்டிக்காரர் பக்கமிருந்து ஒரு குரல், "தம்பி, உன்ரை நோட்டீசையும் அடிச்சுப்போட்டோ வந்தனீ?"

மாஸ்டர் அவனுக்கு நாலாம் இலக்கம் போட்ட சேட் ஒன்றைக் கொடுத்தார். குகதாசனின் சேட். தோள் இறுக்கமாக இருந்தது. மாஸ்டர் ஒன்றுதான் சொன்னார். "தோற்கக்கூடாது. வெல்லவேணும் எண்டில்லை. தோற்கக்கூடாது."

அது அந்தப் போட்டியின் விதி. சாயரட்சைக்கு முன் வீதியைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்பதால் மேலதிக நேரமும் இல்லை, வெற்றியைத் தீர்க்கப் பெனால்ரி உதைத்தொடரும் இல்லை. சமநிலையானால் கிண்ணம் போன வருடம் வென்றவரிடமே இருக்கும். போன வருடம் வென்றது இவர்கள். குகதாசன் நின்ற வருடம்.

கற்பூரத்தை அன்று வேறு ஒருவர் கொளுத்தினார். கோல் காக்கிற பிரணவன் திருநீறு பூசிக்கொண்டே, "அண்ணை, கனக்கச் செய்யாதையுங்கோ. பந்து வந்தால் வெளியிலை அடியுங்கோ. மிச்சம் நான் பாக்கிறன்," என்றான். மற்ற மூன்று பாக்கும் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மயூரதனுக்கு ஒன்று விளங்கியது. வாங்கில் இருந்து பார்த்தபோது அது விளங்கியதில்லை. குகதாசன் எப்போதும் மற்ற மூன்று பேருக்கும் நாலைந்து அடி பின்னால் நிற்பவன். அவனுடைய ஓட்டத்துக்கு அது சரி. யார் பிழைவிட்டாலும் அவன் பின்னால் வந்து கூட்டி அள்ளிவிடுவான். அதனால் அந்த மூன்று பேரும் பின்னால் பார்க்காமலே முன்னுக்கு ஓடப் பழகியிருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பின்னால் நிற்பது மயூரதன். அவனுக்கு அந்த ஓட்டம் இல்லை.

இருபத்திரண்டாம் நிமிடம் யதுசன் அதைக் கண்டுபிடித்தான். மெலிந்த பெடியன், இடக்கால்காரன். மயூரதனும் மற்றவர்களும் நின்ற இடைவெளிக்குள் பந்து விழுந்தது. யதுசன் அவனை ஒரு மரத்தைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு போய் அடித்தான். பிரணவன் பாய்ந்தும் எட்டவில்லை.

ஒலிபெருக்கி, "குகதாசன் இல்லாத குறை," என்றது. வேலியோரத்தில் ஒருவர் எழும்பி வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார்.

வீதியின் எல்லைக்கல்லுக்கு அப்பால், தார் ரோட்டில் நின்ற ஒரு ட்ரக்டர் பெட்டிமேல் குகதாசன் நின்றான். முழுகிய தலை ஈரம். கையைக் கட்டியிருந்தான்.

இடைவேளைக்கு முன் ஒரு மூலைக் கோணர் உதையில் இவர்களுக்கு ஒரு கோல் விழுந்தது. யாருடைய தலையில் பட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் மாஸ்டர் மயூரதனின் முகத்துக்கு நேரே வந்தார். "கோல் விழுந்த பிறகு ஏன் பின்னாலை நிக்கேல்லை? குகன் நிக்கிற இடம் தெரியாதோ?"

"தெரியும் மாஸ்டர். அங்கை நிண்டால் நான் பிடிக்கமாட்டன். இன்னும் ரெண்டு கோல் விழும்."

"அப்ப?"

"நாலு பேரும் ஒரே நேர்கோட்டிலை நிக்கவேணும். நான் முன்னுக்கு வாறன், அவங்கள் பின்னுக்கு வரட்டும். யதுசன் எங்களுக்குப் பின்னாலை நிண்டால் ஓஃப் சைட். முன்னாலை நிண்டால் ஓட இடம் இல்லை."

வலப்பக்கத்து பாக் வாயைத் துடைத்தான். "இவ்வளவு வருசம் பழகாததை இப்ப அரை மணித்தியாலத்திலை பழகவோ? அதுவும் இவரின்ரை சொல்லுக்கு?"

 மாஸ்டர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடினார். கடைசியில் பிரணவன்தான் கதைத்தான். அவனுக்கும் மயூரதனை நம்ப விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பின்னாலை நிண்டு பாக்கிறவன் நான். முதல் பாதியிலை எங்கடை ஆக்கள் பாம்பு மாதிரி வளைஞ்சு நிண்டவை. அண்ணை சொல்லுறது சரி. கோணலாப் போனால் நான் கத்துறன்."

பிரணவனுக்குக் கத்தவேண்டிய தேவை இருக்கவில்லை. பதினொரு வருடமாகக் கடதாசியில் ஒரு வரி அரைக்கால் அங்குலம் சரிந்தால் பிடிக்கிற கண் மயூரதனுடையது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். ஒருவன் ஓரடி பின்னால் நின்றால் கையால் கூப்பிட்டான். முதல் பத்து நிமிடம் வலப்பக்கத்து பாக் வேண்டுமென்றே மெதுவாக வந்தான். பிறகு யதுசன் இரண்டு தரம் ஓஃப் சைட்டில் பிடிபட்டான். மூன்றாம் தரம் வலப்பக்கத்து பாக் கூப்பிடாமலே வந்து நேர்கோட்டில் நின்றான்.

யதுசனுக்குச் சினம் ஏறியது. பக்கத்தில் வந்து, "அண்ணை, வயசென்ன? முழங்கால் கதைக்குது," என்றான்.

"அது ஒன்பது வருசம் சும்மா இருந்த முழங்கால். கதைக்க ஆசை."

யதுசன் சிரித்துவிட்டான். ஆனால் ஓட்டத்தைக் குறைக்கவில்லை.

வெயில் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கியது. தண்ணீர் தெளிக்க இரண்டு பெண்கள் குடங்களோடு வடக்கு மூலையில் வந்து நின்றார்கள். அவர்கள் வந்தால் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். வேலியோரத்திலிருந்து வீட்டுக்குப் போனவரும் திரும்பி வந்து நின்றார்.

கடைசி நிமிடத்தில் அந்த நேர்கோடு உடைந்தது. இடப்பக்கத்து பாக் மணலில் சறுக்கி விழுந்தான். அவன் விழுந்த இடத்தால் பந்து போக, பந்துக்குப் பின்னால் யதுசன் போனான். அவனுக்கும் பிரணவனுக்கும் நடுவில் மயூரதன் மட்டும்.

"விழு," என்று வேலி கத்தியது. "விழுந்து எடு." மாஸ்டரும் அதைத்தான் கத்தினார். அந்த இடத்தில் எப்போதும் அதுதான் நடந்திருக்கிறது. குகதாசன் விழுவான், பந்து வரும், ஒலிபெருக்கி மூன்று தரம் பெயர் சொல்லும்.

மயூரதன் விழவில்லை. முழங்காலை மடித்து, பின்னோக்கி நடந்தான். யதுசன் வலப்பக்கம் காட்டினான். அவன் அசையவில்லை, பின்னோக்கி நடந்தான். இடப்பக்கம் காட்டினான். பின்னோக்கி நடந்தான். வேலியிலிருந்து தூஷணம் வந்தது. பெனால்ரிக் கோடு காலுக்குக் கீழே கடந்துபோனது அவனுக்குத் தெரியும். இனி விழுந்து கால் பட்டால் முடிந்தது. பந்தை மட்டும் பார்த்தான். யதுசனின் இடக்கால் ஒவ்வொரு தரமும் பந்தை ஒரே அளவு தூரத்தில் தட்டிக்கொண்டு வந்தது. அவசரப்படுகிறவன் எங்கேயோ ஒரு தட்டுக் கூடுதலாகத் தட்டுவான். அதற்குத்தான் காத்திருந்தான். அது வராமல் போனால் கோல்.

வந்தது. பந்து ஒரு சாண் கூடப் போனது. மயூரதன் வலக்காலை நீட்டி அதைப் பக்கவாட்டில் தட்டினான். வேகமில்லை, அழகுமில்லை. பந்து உருண்டு உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடங்களோடு நின்ற பெண்களின் காலடியில் போய் நின்றது. அதில் ஒருத்தி அதைக் காலால் ஒதுக்கினாள்.

எறிந்த பந்து மைதானத்துக்குள் வரமுதல் நடுவர் ஊதினார். கோயில் மணி அதற்குப் பிறகு அடித்தது.

பிரணவனைத் தூக்கினார்கள். கோல் அடித்தவன் தான்தான் என்று சொன்ன இரண்டு பேரையும் தூக்கினார்கள். மயூரதனை ஒருவரும் தூக்கவில்லை. ஆனால் வலப்பக்கத்து பாக் போகிற போக்கில் தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் வைத்துவிட்டுப் போனான். மாஸ்டர் வந்து நின்றார். "நான் விழச் சொல்லிக் கத்தினனான்," என்றார். "கேட்டதோ?"

"கேட்டது மாஸ்டர்."

"ம்," என்றார். கிண்ணத்தைப் பார்க்கப் போனார்.

மயூரதன் சேட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளடிக்கு நடந்தான். எல்லைக்கல்லுக்கு அப்பால் குகதாசன் காத்து நின்றான். மயூரதன் கல்லைத் தாண்டி ரோட்டுக்கு வந்து சேட்டை நீட்டினான். குகதாசன் அதைத் தொடவில்லை.

"நான் எண்டால் விழுந்திருப்பன்," என்றான்.

"நீ எண்டால் எடுத்திருப்பாய்."

"தெரியாது. அவன் காலை வைச்சிருந்த மாதிரிக்கு, நான் விழுந்திருந்தால் பெனால்ரியாப் போயிருக்கும்." அதைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ரோட்டைப் பார்த்துச் சொன்னான். "காலமை சொன்னதை நான் திருப்பி எடுக்கேல்லை. உங்களுக்கு ஆசை இருந்தது."

"ஓம், நானும் இல்லையெண்டு சொல்லேல்லையே."

"சனிக்கிழமை ஆட்டம் பள்ளிக்கூட மைதானத்திலை. அது கோயில் நிலமில்லை. நான் விளையாடுவன்."

"அப்ப சேட்டைத் தோய்ச்சு வைக்கிறன். நான் வாங்கிலை இருப்பன்."

குகதாசன் தலையை ஆட்டினான். போகத் திரும்பியவன் நின்றான். "அப்பா கேட்டவர். நோட்டீஸ் மிச்சம் இருக்கோ எண்டு. எங்கடை படலையிலை ஒட்டவாம்."

செத்தவரின் அறிவித்தலைப் படலையில் ஒட்டினால், அது செத்தவர் வீடு என்று அர்த்தம். ஆறுதல் சொல்ல வருகிறவர் அந்த வீட்டுக்குள் வரலாம் என்று அர்த்தம்.

மூன்று பிரதி மிச்சம் இருந்தது. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். சீவரத்தினம் படலையடியில் வெறும் மேலோடு நின்றார். பழைய பசை காய்ந்து போயிருந்தது. மயூரதன் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கரைத்தான்.  தகரப் படலையில் பசை பூசி, பிரதியை மேலே வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவினான்.

சீவரத்தினம் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"இடப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கு," என்றார்.

மயூரதன் பார்த்தான். உண்மைதான். பசை காயமுதல் மெதுவாக உரித்தெடுத்தான். குகதாசன் கேட்காமலே மறுமுனையைப் பிடித்தான். இரண்டாம் தரம் நேராக வந்தது.